பிரியும் நேரம்

கண்ணாடிக் குடுவையில் பாதி எண்ணெய், பாதி நீர்.
குலுக்கி மேசைமேல் வைத்து
கடிகாரத்தை அமுக்குகிறேன்.
பிரிய எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி.
நல்ல இரவில் எண்பது நொடி.
மேலே நீலம் ஏறி நிற்கும்: கோபால்ட்.
கீழே பச்சை தங்கிவிடும்: நிக்கல்.
நடுவில் மயிரிழைக் கோடு,
கையெழுத்துக்கு அடியில் போடுவது போல.

இன்றிரவு இருநூற்று நாற்பதிலும் பிரியவில்லை.
மோர்போலக் கலங்கிக் கிடக்கிறது.

கொக்கோலாவில் பிப்ரவரி. வெளியே மைனஸ் இருபத்தொன்பது.
கடல் உறைந்து, துறைமுகக் கிரேன்கள்
நின்ற இடத்திலேயே பனி சுமக்கின்றன.
உள்ளே மண்ணெண்ணெய் வாசம்.
எனக்கு அது தெரிவதில்லை, பதினொரு வருடமாயிற்று.
பேருந்தில் பக்கத்தில் உட்காருகிறவர்
ஜன்னலைப் பார்ப்பதை வைத்துத் தெரிந்துகொள்கிறேன்.

கலக்கும் தொட்டி, தேங்கும் தொட்டி,
கலக்கும் தொட்டி, தேங்கும் தொட்டி,
வரிசையாய்ப் பதினாறு ஜோடி.
கடைந்து கடைந்து ஒன்றாக்குவது,
உடனே விலக விடுவது.
எண்ணெய்க்குள் கரைந்திருக்கும் மருந்துக்குக்
கோபால்ட் பிடிக்கும், நிக்கல் அவ்வளவாகப் பிடிக்காது.
அமிலம் கூடினால் அந்தப் பிடியும் தளரும்.
ஏன் என்று லாபில் ஸினிக்கா படம் போட்டுக் காட்டினாள்.
கைகள் போல வரைந்திருந்தாள்.
எனக்குக் கைகள் மட்டும் புரிந்தன.

நான்காம் தொட்டி மூடியைத் தூக்கி டார்ச் அடித்தேன்.
கோடு இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு சாண் தடிமனுக்குக் கசடு.
எண்ணெயிலும் சேராமல் நீரிலும் சேராமல்
நடுவில் தங்கிப் பெருத்துக்கொண்டிருந்தது,
வாடகை தராத குடித்தனம் போல.
அதில் கொஞ்சம் செம்மண் நிறம்.
மூட்டைகளில் கொல்வேஸி என்று அச்சிட்டிருக்கும்.
நான் வரைபடத்தில் தேடியதில்லை. ஓஸ்மோ தேடியிருக்கிறான்.
"அங்கே இப்போது மழைக்காலம்" என்பான்,
"ஆனால் மணி, நம்முடையதேதான்."

"குழாயைத் தொட்டுப் பார்" என்றான் ரேடியோவில்.
கையுறையைக் கழற்றித் தொட்டேன்.
சூடாக இருக்க வேண்டிய குழாய்
தெருமுனை அஞ்சல் பெட்டி போலச் சில்லென்றிருந்தது.
வெப்பச் சுருள் எப்போது செத்ததோ.
எண்ணெய் தடித்துவிட்டது,
சொல்ல வந்ததைச் சொல்லாமல் இழுக்கிறவன் பேச்சு மாதிரி.

பொறியாளர் ரௌஹாமாவைத் தூக்கத்திலிருந்து எழுப்பினோம்.
காலைவரை ஓட்டு, என்றார்.
கலக்கியின் வேகத்தைக் குறை, என்றார்.
நிறுத்தினால் மணிக்கு இவ்வளவு நஷ்டம் என்று
ஒரு தொகை சொன்னார்.
என் வருடச் சம்பளத்தைவிடக் கூட.

குடுவையைத் தூக்கிப் பார்த்தேன்.
நானூறு நொடி. இன்னும் மோர்.
இப்படியே ஓடினால்
நீலத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு பச்சையும் போகும்.
அமிலத்தில் இறங்கி ரோஜா நிறமாக வேண்டியது
சேற்று நிறமாகும்.
தப்பித்தவறி யார் கண்ணிலும் படாமல் போனால்
பிறகு கண்டுபிடிக்கப்போவது
எங்கோ ஒரு மேட்டில் மூச்சுவாங்கும் கார்.

ஓஸ்மோ படியிறங்கி வந்து
உப்பு அதிமதுர மிட்டாய்ப் பொட்டலத்தை நீட்டினான்.
ஒன்றும் சொல்லவில்லை.
ஒன்றை எடுத்து வாயில் போட்டேன்.
மூன்று பத்துக்குச் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன்.

கலக்கிகள் ஒவ்வொன்றாய் அடங்கின.
இத்தனை வருடத்தில் அந்தக் கூடத்தின் அமைதியை
நான் கேட்டதே இல்லை.
எங்கோ ஒரு சொட்டு.
கூரைத் தகட்டில் பனி சறுக்கும் ஒலி.
பிறகு, யாரும் கடையாதபோது,
தொட்டிக்குள் தானாகவே தொடங்கியது:
நீலம், அவசரப்படாமல், மேலே.

பதிவேட்டில் எழுதினேன்.
நிறுத்தம் 3:10. காரணம்: சுருள். மீண்டும் ஓட்டம் 5:55.
யார் உத்தரவு என்ற கட்டத்தில்
ஹெல்வி பெர்ட்டுலா. அது நான்.

ஆறரைக்குப் பேருந்து நிறுத்தம்.
ரௌஹாமா அழைத்திருப்பார் என்று போனை எடுத்தேன்.
முப்பத்தொரு சதவீதம் என்றது,
அப்படியே கறுத்து அணைந்தது.
குளிர்தான்.
அதற்குள்ளும் எங்கள் நீலம் ஒரு சிட்டிகை இருக்கலாம்,
சூடு கிடைக்காமல் ஓரடி எடுத்துவைக்காது.
கோட்டுக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

பேருந்து வந்தது.
பக்கத்தில் உட்கார்ந்தவர்
ஜன்னலைப் பார்த்தார்.